இரண்டு கிலோ கழித்த விடை

மாணவனாக இருப்பதும் ஒரு வேலைதான் என்பது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் தராசுப் பக்கத்தில் நின்று, பெண்கள் கொண்டுவரும் கொழுந்தை நிறுத்துப் பதிந்தவன் நான். படிப்பு ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் என்ன இருந்தது என்பது ஐம்பது வருடமாகத் தெரியாமலே இருந்தது. படிப்பை விட்டவர்கள் எந்த வயதிலும், பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகலாம் என்று ஹட்டனில் ஒரு நிலையம் திறந்தார்கள். அறுபத்து மூன்றாவது வயதில் போய்ச் சேர்ந்தேன். மூக்குக்கண்ணாடியும் கொப்பியுமாக பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பீர்கள். நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

மணி அடிக்காத வகுப்பு

முதல் நாள் காலை ஏழு இருபதுக்கே போய்விட்டேன். கதவு பூட்டியிருந்தது. எட்டரைக்கு வந்து திறந்த ஸ்டெல்லா டீச்சர் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். எந்த நாள் வசதி, எந்தப் பாடத்தில் தொடங்க ஆசை, வாசித்தால் மனதில் நிற்குமா, காதால் கேட்டால் நிற்குமா. இதையெல்லாம் என்னிடம் யாரும் கேட்டதில்லை. எது மனதில் நிற்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எண்கள் நிற்கும் என்றேன். அப்படியானால் இந்த வருடம் கணிதம் மட்டும் போதும் என்று எழுதிக்கொண்டார்.

ஆளுக்கொரு திட்டம், ஆளுக்கொரு வேகம் என்பது எனக்குப் பிடிபடவில்லை. கணிதத்துக்குப் பதினொரு கையேடுகள் இருந்தன. எண்ணிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் முடிக்க வேண்டும் என்று கேட்டேன். டீச்சர் சொன்னார்: "உங்களுக்கு விளங்கின அன்னைக்கு முடிப்போம் ஐயா."

பக்கத்துக் கதிரை

கணிதத்துக்கு இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். எனக்குப் பக்கத்தில் சிவபாக்கியம். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், வயது நாற்பத்தொன்று. மற்றப் பாடங்களில் சித்தியடைந்துவிட்டார். கணிதம் மட்டும் இரண்டு முறை கைவிட்டது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்குக் கணிதச் சித்தி அவசியம். பெறுபேறு வரும்வரை யாரையும் எடுப்பதில்லை என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். இந்த முறையும் தவறினால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

பத்தொன்பது வருடம் என் தராசில் கொழுந்து போட்டவர் அவர். நான் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நோட்டில் இருக்கும் ஆள் இலக்கத்தைத்தான் பார்ப்பேன். டீச்சர் எங்களை அறிமுகப்படுத்தத் தொடங்கியதும் சிவபாக்கியம் குறுக்கிட்டார்: "பேரு சொன்னா அண்ணனுக்குத் தெரியாது டீச்சர். நூத்தி முப்பத்தேழுன்னு சொல்லுங்க."

ஐம்பதா, ஐம்பத்தாறா

இரண்டாவது கையேட்டில் ஒரு கணக்கு. மூன்று பெண்கள் 18, 21, 17 கிலோ கொழுந்து எடுத்தார்கள், மொத்தம் எவ்வளவு? நான் யோசிக்காமல் 50 என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு வட்டம் போட்டார். கூட்டலில் நான் பிழை விடுபவன் அல்ல. மூன்று முறை பார்த்தும் எனக்கு ஐம்பதுதான் வந்தது.

எப்படி வந்தது என்று டீச்சர் கேட்டார். சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோ, ஆளுக்கு இரண்டு கழித்தேன் என்றேன். கேள்வியில் சாக்கும் இல்லை, மழையும் இல்லை என்று அவர் காட்டிய பிறகுதான் கவனித்தேன். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சிவபாக்கியம் அடக்கவில்லை: "அவருக்குக் கணக்கு தெரியாம இல்ல டீச்சர். கை சும்மா இருக்காது."

ஓடுகிற வகுப்பு

எங்களோடு படித்த வின்சன்ட் ஆட்டோ ஓட்டுபவர். அவருக்குக் காதால் கேட்டால்தான் மனதில் நிற்கும். அதனால் வரலாற்றுப் பாடங்களை டீச்சர் அவருடைய போனில் பதிந்து கொடுத்திருந்தார். சவாரிக்கு இடையில் கேட்பதாக ஏற்பாடு. அவர் சவாரியின்போதும் கேட்டார்.

ஒரு நாள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓர் அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். கண்டி மன்னரைப் பிடித்துக்கொண்டு போகிற பாடம். ஒரு வரி தப்பிவிட்டதென்று ஆட்டோவை ஓரங்கட்டி, திரும்பப் போட்டுக் கேட்டாராம். பின்னாலிருந்து அந்த அம்மா சொன்னதை வின்சன்டே வந்து சொன்னார்: "தம்பி, அந்த ராசா செத்துப் போயிட்டாரு. எனக்கு இன்னும் உசிரு இருக்கு, வண்டிய எடுங்க."

வெயில் நாள்

மாதிரிப் பரீட்சையில் எனக்கு விடைகள் எல்லாம் சரி, புள்ளிகள் பாதி. வழியை எழுதவில்லை. சிவபாக்கியத்துக்கு வழியெல்லாம் சரி, கடைசிப் பெருக்கலில் பிழை. டீச்சர் இருவருடைய திட்டத்தையும் மாற்றினார். இனி என் தாளை சிவபாக்கியம் திருத்த வேண்டும், அவர் தாளை நான் திருத்த வேண்டும். நான் ஒரு படியைத் தாண்டினால் அவர் பென்சிலால் தட்டுவார். பெருக்கலை அவர் இரண்டாம் முறை சரிபார்க்கும்வரை நான் தாளை வாங்கமாட்டேன். பிழைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். முதல் கிழமை அவருக்குப் பதினான்கு, ஐந்தாம் கிழமை மூன்று.

அந்த ஐந்தாம் கிழமைதான் கேட்டார். மழை நாளில் தண்ணிக்குக் கழித்தது சரி, வெயில் நாளில் ஏன் கழித்தீர்கள் என்று. அவருடைய குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். வழியை எழுதிக் காட்டலாம் என்று பென்சிலை எடுத்தேன். 'சாக்கு 1 கிலோ' என்று முதல் வரி வந்தது. இரண்டாவது வரிக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆபீஸில் கழிக்கச் சொன்னார்கள், கழித்தேன் என்றேன். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவர் தாளை என் பக்கம் தள்ளினார்: "அப்ப அதையே எழுதுங்கண்ணே. ரெண்டாவது வரி, ஆபீஸ் சொன்னது, ஒரு கிலோ."

எழுதினேன். அவர் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த கணக்குக்குத் திரும்பினார்.

பெறுபேறு

பெறுபேறு வந்த அன்று நிலையத்தில் போனுக்கு சிக்னல் இல்லை. வீதி வளைவுவரை ஏறி நின்று பார்த்தோம். சிவபாக்கியம் போனைத் தானே பிடிக்கவில்லை. டீச்சர் கையில் கொடுத்துவிட்டு எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கம் திறக்க நான்கு நிமிடம் ஆனது.

கணிதம், எஸ். சித்தியில் ஆகக் கீழே உள்ளது, ஆனாலும் சித்திதான். டீச்சர் சொன்னதை நம்பாமல் அவர் என்னிடமும் ஒரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அடுத்த மாதம் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தார். இன்னும் நல்ல புள்ளி எடுத்திருக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "பால் குடிக்கிற பிள்ளைங்க ரிசல்ட் கேக்காதுங்க."

எனக்குக் கணிதத்தில் பி, ஆண்டுக்கு ஒரு பாடம் வீதம், தேவையான ஆறில் மிச்சம் ஐந்தையும் முடித்தால் அறுபத்தொன்பதாவது வயதில் நானும் உத்தியோகத்துக்குத் தகுதியாகிவிடுவேன், அதற்குப் பத்து வருடம் முந்தியே ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்பது ஒன்றுதான் குறை.