அத்தையின் நெஞ்சுக் கதவு

நிலாவில் மனிதன் கால் வைத்ததைப் பெரிய விஷயம் என்கிறார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே எங்கள் அம்சவல்லி அத்தையின் இருதயத்துக்குள் ஒரு டாக்டர் விரலை வைத்துவிட்டார். நிலா சும்மா கிடந்தது. அத்தையின் இருதயமோ அடித்துக்கொண்டிருந்தது. எது கஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்குகிறவர்கள் பழமலைநாதரைக் கும்பிட்ட கையோடு அத்தையையும் கும்பிட்டுப் போவதுதான் நியாயம்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இருதயத்துக்குள் இருக்கும் ஒரு கதவைச் சுருக்கிவிட்டதாம். அறுபத்தாறில் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் விலாவைத் திறந்து, விரலை விட்டு அந்தக் கதவை அகட்டினார்கள். திரும்பி வந்தவள் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கும் மாணிக்கவேல் மாமாவைக் கட்டிக்கொண்டாள், பீங்கான் தொழிற்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்தாள்.

அங்கே அவளுக்கு டீ கெட்டில் வார்க்கும் வேலை. கரைத்த மண்ணை அச்சில் ஊற்றினால் ஓரமாகப் படிந்துகொண்டே வரும். கவனிக்காமல் விட்டால் மூக்கு ஓட்டை அடைத்துக்கொள்ளும். விரலால் வழிக்க வேண்டும். தன் ஆபரேஷனையும் அத்தை எல்லோருக்கும் அப்படித்தான் விளக்குவாள். "மூக்கு அடைச்சிக்கிச்சு, விரல விட்டு எடுத்தாங்க. சூளைக்குப் போயிட்டு வந்த சாமான் மறுபடி அடைக்குமா?" என்பாள். நானும் நம்பினேன்.

எட்டாம் வகுப்போடு படிப்புக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதால் நானும் அதே தொழிற்கூடத்தில் சூளைக்குச் சாமான் அடுக்கப் போனேன். போன புதிதில் ஒரு தட்டு நிறைய இருந்த நாய்ப் பொம்மைகளுக்கு மீசை வரைந்துவிட்டேன். வெந்து வந்த மீசை என்ன தேய்த்தும் போகவில்லை. மேஸ்திரி விருத்தகிரி யார் செய்த வேலை என்று கத்தியபோது அத்தைதான் பதில் சொன்னாள். "உள்ள போறப்ப குட்டிங்க. சூட்டுல வயசுக்கு வந்துடுச்சிங்க போலருக்குது."

சிரித்த வேகத்தில் மேஸ்திரி என்னை மறந்துபோனார். அத்தைக்கு மட்டும் சிரித்து முடித்து மூச்சு அடங்க வெகுநேரம் பிடித்தது. அது எழுபத்தைந்து, தை மாதம்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மாமாவுக்கு ராத்திரி வேலை என்றால் நான்தான் அவர்கள் வீட்டில் துணைக்குப் படுப்பேன். அத்தை படுக்காமல் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினாள். கேட்டால் படுத்தால் பூனை மேலே ஏறுகிறது என்றாள். அந்தத் தெருவில் பூனையே கிடையாது.

ஒருநாள் தொழிற்கூடத்திலேயே அவளுக்குத் தலை சுற்றியது. சைக்கிளில் வைத்து டாக்டர் தேவநாதனிடம் கொண்டுபோனேன். அவர் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அகட்டிய கதவு மறுபடி சுருங்கிவிட்டது என்றார். மெட்ராசுக்குப் போனால் மறுபடி அகட்டலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

வீடு நெருங்கும்போது அத்தை சைக்கிளின் பின்னாலிருந்து சொன்னாள்: "இது சுடாத மண்ணாச்சே, அதான் அடைக்குது. சுடற அன்னிக்கி நாம இருக்க மாட்டோம்." பிறகு, "மாமாகிட்ட ரத்தம் பத்தலன்னு டாக்டர் சொன்னதா சொல்லு" என்றாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அறுபத்தாறில் பக்கத்துக் கட்டிலில் திட்டக்குடிக்காரி பாஞ்சாலை என்று ஒருத்தி இருந்தாள். கதவு மறுபடி சுருங்கி, இரண்டாம் தடவையாக வந்தவள். தலையைச் சீவி முடித்துக்கொண்டு, சீப்பைக் கட்டில் மேல் வைத்துவிட்டு ஆபரேஷனுக்குப் போனாள். சீப்பு அங்கேயே கிடந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் அத்தை கெட்டில் மூக்கை இழுக்க மாட்டாள்.

அதனால் நானும் மாமாவிடம் ரத்தம் பத்தவில்லை என்றே சொன்னேன். அவர் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வர ஜங்ஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். பாதிப் படியில் அத்தையின் கை கம்பியைத் தேடும். உட்கார்ந்தால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்கள். என் ரப்பர் செருப்புக்கு வயசாகிவிட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. கட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் வார் கழன்றுவிடும். வார் போச்சு என்று நான் படியில் உட்கார்ந்துவிடுவேன். அத்தை என்னைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்காருவாள். வாரை மாட்ட எனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகும். அவள் மூச்சு அடங்கும்போது மாட்டிவிடும். சித்திரை வரைக்கும் இப்படியே ஓட்டினோம்.

அப்புறம் ஒரு சாயங்காலம். கம்பியைப் பிடித்த அத்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாரை இழுத்தேன். வரவில்லை. கையால் இழுத்தும் வரவில்லை.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வரும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"வராதுடா மருமவனே. அடியில ஊக்கு குத்தி வச்சிருக்கேன்."

செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அவள் ரவிக்கையில் குத்தும் ஊக்கு.

"எனக்கு முடியலன்னு உனக்குத் தெரியுது. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுது. கீழ நிக்கிறாரே, அந்த மனுசன் மட்டும் பேரீச்சம்பழம் வாங்கிக்கிட்டே இருக்கணுமா?"

கீழே தண்டவாளத்தின் ஓரமாக மாமா கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாஞ்சாலை..." என்று ஆரம்பித்தேன்.

"அவ அவதான், நான் நான்தான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பயமாத்தான் இருக்குது. இந்தப் படிய இனிமே ஏற முடியாதுடா. போயி மாமாவக் கூட்டியா. மெட்ராசுக்குப் போவணும்னு நானே சொல்றேன்" என்றாள்.

எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போ, மாமா பயந்துவிடுவார் என்றாள்.

கண்ணில் இன்ஜின் கரி விழுந்துவிட்டது என்றேன்.

அத்தை தண்டவாளத்தை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ரயிலே இன்னும் வரலியேடா" என்றாள்.