ஜாதிக்காய் விழாத ஞாயிறு

கேலாங் கடையில் இன்று ஜாதிக்காய் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்ததும், காரமும் இனிப்பும் கலந்த அந்த வாசம் என்னைச் சிராங்கூன் ரோட்டு வீட்டு மாடிக்கே கொண்டுபோய்விட்டது.

அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து, கோயில் பாராயணத்துக்காக வேதம் சொல்லிப் பழகுவார். ஸ்வரம் ஏறினால் அவர் தலையும் ஏறும், இறங்கினால் இறங்கும். வேத உச்சரிப்புக்கென்றே எழுதிய பழைய சிக்ஷை நூல்களிலோ தலையாட்டுவது பெரிய குற்றம்.

"ஏன்னா, இந்தத் தலையை வெச்சுண்டா கோயில்ல சொல்லப்போறேள்?" என்று அம்மா துண்டைச் சும்மாடாகச் சுற்றி, அவர் தலைமேல் ஒரு பச்சை ஜாதிக்காயை வைத்துவிடுவாள். கீழே கொட்டிலில் எருமைகள் கத்த, மேலே பாராயணம் நடக்கும். விழுந்த காய் எனக்கு. அம்மா அதன் சதையை நறுக்கிச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டுத் தருவாள். அப்பா தேறிவிடக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட ஒரே மகள் நானாகத்தான் இருப்பேன்.

கோயில் பாராயணத்துக்கு முந்தின ஞாயிறு, காய் அசையவே இல்லை. பாவாடையை விரித்துக் காத்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி எழுத்தையும் சுத்தமாகச் சொல்லி முடித்த அப்பா, என் பாவாடைப் பக்கம் குனிந்து, வேண்டுமென்றே தலையை ஆட்டினார்.