பெட்டிக்குள் சிரித்தவர்கள்

மகள் வீட்டு டீவியில் கூட்டமாய்ச் சிரிக்கிற சத்தம் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி வீட்டு வாசலில், நனைந்த கம்பளி வாடைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து ரேடியோவில் நாங்கள் கேட்ட சிரிப்பு நாடகம் ஞாபகம் வந்துவிட்டது. வாராவாரம் அப்பாதான் முதலில் சிரிப்பார். ஒரு வாரம் அதில் தோட்டத்து ஆள் ஒருத்தன் வந்து, "கும்புடுறேனுங்க, பெரட்டுக்கு நேரமாச்சுங்க" என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில் சொன்னான். அவ்வளவுதான், பெட்டிக்குள் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"நம்மளப் போலத்தானே பேசுறான், இதுல சிரிக்க என்னாங்க இருக்கு?" என்றாள் அம்மா.

"இதுகூட வெளங்கலையா, புள்ள?" என்று அப்பா சத்தமாய்ச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு, குளிருது என்று சொல்லி அப்பா எங்கள் லயத்து அறையிலேயே படுத்துவிட்டார். அவருக்கு விளங்கித்தான் சிரித்தாரா, விளங்காமல் சிரித்தாரா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.