அப்பாவுக்காக அம்மா வாங்கிய வீடு

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அம்மாவின் விருந்தோம்பலையும் முருக பக்தியையும் பற்றி இந்த நினைவு மலரில் அண்ணன் எழுதியிருக்கிறார். அத்தனையும் உண்மை. ஆனால் சிங்காநல்லூர் வீட்டை அம்மா ஏன் வாங்கினார் என்பதை அவர் எழுதவில்லை. "படிக்கறவங்க நம்மளப் பைத்தியம்னு நெனப்பாங்க, வேண்டாம் அம்மணி" என்று என்னையும் தடுத்தார். நினைத்தால் நினைக்கட்டும். அம்மாவை அறிந்தவர்களுக்குத்தானே இந்த மலர்.

அம்மா பிறந்தது சத்தியமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில், பவானிக் கரை வாழைத் தோட்டத்தில். பதினெட்டு வயதில் அப்பாவைக் கைப்பிடித்துக் கோவைக்கு வந்தார். அப்பா நூற்பாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். பதினோரு ஆண்டுகளில் ஐந்து வாடகை வீடுகள். ஒரு வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, இன்னொன்றில் விருந்தாளி தங்கக் கூடாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அம்மா சலித்துக்கொள்வார். ஆறாவதாக வந்ததுதான் சிங்காநல்லூர் வீடு. உரிமையாளர் அதே காம்பவுண்டில் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். நானும் அண்ணனும் அவரை வீட்டுக்கார மாமா என்றே அழைப்போம். நல்ல மனிதர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் ஆலையிலேயே அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. உடலை வேனில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டுக்கார மாமா கேட்டருகே கைகூப்பி நின்றார். மூன்றாம் நாள் அவர் மகளுக்குத் திருமணம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. முகூர்த்தக்கால் நட்டுப்போட்டங்க. இந்தக் காம்பவுண்டுக்குள்ள அவர உள்ள உட முடியாதுங்க. உட்டா கல்யாணம் நின்னு போகுமுங்க."

வேன் அப்படியே மயானத்துக்குத் திரும்பியது. அங்கிருந்த குழாயடியில்தான் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. இன்று நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள், மாமாவின் நிலை எனக்குப் பாதி புரிகிறது. மீதிப் பாதியை நினைத்தால் இன்னும் வயிறெரிகிறது.

காரியம் முடிந்த மறுநாளே அது தொடங்கியது. நான்கு மணிக்கு, அப்பாவின் வேலை முடியும் நேரத்தில், ஆலைச் சங்கு ஊதியது. கால் மணி நேரம் கழித்து காம்பவுண்டு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டை இழுத்துப் போடும் சத்தம். அடுத்து செருப்புகள் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசல் வெயிலில் வெறுமையாகக் கிடந்தது. அப்பாவின் சைக்கிளைத்தான் பெருந்துறைச் சித்தப்பா எடுத்துப்போய்விட்டாரே!

மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. அந்த நேரத்துக்கு அம்மா கதவுக்கு உள்பக்கம் வந்து நிற்பார். வெளியே பார்த்து, தணிந்த குரலில் சொல்வார்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. இன்னும் இது நம்மூடு ஆகுலீங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

தனக்கு எதுவும் கேட்டதில்லை என்பார் அண்ணன். எப்படிக் கேட்கும்? விளக்கு வைக்கும்வரை அவர் நண்பர் வீட்டைவிட்டு நகர்ந்தால்தானே.

அம்மா வீட்டுக்கார மாமாவிடம் போய், வீட்டை எங்களுக்கே கொடுத்துவிடச் சொன்னார். விற்கும் எண்ணமில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே மறுத்தார். இரண்டு ஆண்டுகள் அம்மா மாதம் தவறாமல் கேட்டார். பிடித்தால் விடாத பிடிவாதம் அம்மாவுக்கு. அது எங்கள் இருவருக்கும் வந்திருக்கிறது.

பிறகு ஒரு நாள் ஒழுகும் குழாயைச் சரிபார்க்க மாமா வந்தார். வேலை முடிந்து முன்னறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதியிருந்தது. வாசலில் ஸ்டாண்டு சத்தம் கேட்டதும், பழைய வழக்கத்தில் பாதி எழுந்து, "வாங்க, வாங்க, வேலை முடிஞ்சுதுங்களா?" என்றார். சொல்லி முடித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது எத்தன நாளாங்க அம்மணி?"

"அன்னைக்கிருந்தே தானுங்க. உள்ள உட முடியாதுன்னு நீங்க சொல்லிப்போட்டீங்க. அவரு ஒருத்தர் சொல்லத் தாண்ட மாட்டாருங்க."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நானே இப்ப உள்ள வரச் சொல்லிப்போடறனுங்க" என்றார்.

"வேண்டாமுங்க. இன்னைக்கு வரச் சொல்லுவீங்க, நாளைக்கு நீங்களோ உங்க மக்களோ போகச் சொல்லுவீங்க. கெரயம் பண்ணிக் குடுத்துருங்க."

சத்தியமங்கலத்தில் தன் பங்காக வந்த தோட்டத்தை விற்று அம்மா இந்த வீட்டை வாங்கினார். பத்திரம் பதிவானதும் பால் காய்ச்ச ஏற்பாடாயிற்று. ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கு எப்படிக் குடிபுகுவது? அடுப்பு, பாத்திரம், சாமி படம் எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்து, எங்களையும் வெளியேற்றி, கதவைப் பூட்டிச் சாவியை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார் அம்மா. சோதிடர் குறித்த காலை நேரத்தையும் ஏற்கவில்லை. நாலேகால் மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் பால் காய்ச்சுவது எந்த ஊர் வழக்கம் என்று உறவினர்கள் முணுமுணுத்தார்கள்.

மாமா கேட்டருகே நின்று சாவியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். அம்மா கதவைத் திறந்தார். ஆனால் உள்ளே போகவில்லை. பால் குடத்தோடு ஒதுங்கி நின்று, தெருப்பக்கம் பார்த்து, "நம்மூடு தானுங்க. வாங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. கேட்டை மறித்து நின்றிருந்த வீட்டுக்கார மாமா மட்டும் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டடி நகர்ந்து வழிவிட்டார். அதன்பிறகே அம்மா வலது காலை எடுத்து வைத்தார்.

அன்றோடு வாசலில் சத்தம் நின்றது. நாலேகால் ஆனால் அம்மா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். விலைவாசி, அண்ணனுக்குப் பெண் பார்ப்பது, என் வாய்த்துடுக்கு என்று பேச்சு நீளும். ஒருமுறை காப்பியோடு உள்ளே போனேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே அப்பாவின் சாய்வு நாற்காலியின் துணி கனம் தாங்கிப் பள்ளமாகத் தொங்கியது. நாற்காலியில் யாருமில்லை. காப்பியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பின் அந்த நேரத்தில் நான் அந்த அறைப்பக்கம் போனதே இல்லை.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார். மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். வீட்டில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊட்ட வித்துப்போடாதீங்க கண்ணு. நாங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா இருந்துக்கறம்" என்றார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. தன் சொந்த வாசல் வழியாகவே அம்மா புறப்பட்டார்.

இறுதிவரை கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், அம்மாவின் காலடியை விட்டு எழாமல் அமர்ந்திருந்த வீட்டுக்கார மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பூட்டிக் கிடக்கும் இந்த வீட்டை விலைக்குக் கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அம்மா சொன்னதை மீறி அண்ணன் ஒருவருக்குச் சரி என்று சொல்லி, வீட்டைக் காட்ட அழைத்துப்போனார். நானும் உடன் போனேன். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தோம், பின்கதவும் அப்படியே. அண்ணன் தட்டிப் பார்க்கவில்லை. பிறகு பூட்டை மறுபடி மாட்டிவிட்டு, வந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"வேற ஊடு பாத்துக்குங்க. இதுல ஆளிருக்குதுங்க."