முருகன் கேட்ட ஒப்பாரி

உலகச் சண்டை முடிந்த அடுத்த வருஷம் ஐப்பசியில் என் அப்பா தவறிப்போனார். காரியம் முடிந்த மறு வாரமே என் வீட்டுக்காரர், "இனி நீ எனக்குப் பொண்டாட்டி இல்ல, உன்னத் தீத்து விடப்போறேன்" என்று சொல்லி, தூத்துக்குடியில் எங்கள் அம்மா வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டார். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா போட்ட ஆறு பவுன் நகை அவரிடமே இருந்தது. கேட்டேன். "எந்த நகை?" என்றார்.

கையில் ஒரு சீட்டும் கிடையாது. கொடுத்த அப்பாவும் இல்லை. அப்பாவுக்கு அழுவதா, நகைக்கு அழுவதா? இரண்டுக்கும் சேர்த்து அழுதேன். சஷ்டி விரதம் இருந்தேன். "திருச்செந்தூர் முருகா, ஒரே ஒரு சாட்சி கொடு" என்று கேட்டேன்.

எங்களைத் தீர்த்துவிட ஊர் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. என்ன சொத்து இருக்கிறது என்று தலைவர் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"இந்த வேட்டியும் துண்டுந்தான் அண்ணாச்சி. இவ வெறுங்கையாத்தான் வந்தா."

"உனக்குச் சாட்சி உண்டாம்மா?"

வாசலில் நின்ற எதிர்வீட்டுப் பூமயில் அக்காதான் கத்தினாள்: "அவ அப்பன் செத்த அன்னைக்கு, என்னென்ன போட்டாருன்னு சொல்லிச் சொல்லித்தான அழுதா! தெருவே கேட்டுச்சு. இவரும் பக்கத்துலதான் நின்னாரு."

"ஏளா, ஒப்பாரியெல்லாம் ஒரு சாட்சியா?" என்றார் தலைவர்.

"அழுது காட்டுதேன், கேளுங்க."

தலைவர் பதறிப்போனார். "ஏளா, இங்கன வேண்டாம்! கல்யாணம் நடக்கிற கட்டடம். அந்த வேப்பமரத்தடிக்குப் போ."

கூட்டமே எழுந்து மரத்தடிக்குப் போனது. அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "எட்டுப் பவுனுல வளையல் பூட்டி அனுப்புனீயளே, என்னப் பெத்த அப்பா..."

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வளையல் நாலு பவுன்தான். அப்பாவின் பெருமைக்காக அன்றைக்கு நான்தான் கூட்டி அழுதேன்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "பொய்யி! நாலு பவுன்தான்!"

அழுகை நின்றது. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி மாரில் அடித்தாள். "அஞ்சு பவுனுல கழுத்துக்கு அட்டியல் போட்டு..."

"ரெண்டு! ரெண்டே ரெண்டு! எல்லாத்தையும் வித்தும் உப்பளத்துல நாலு பாத்திதான் வாங்க முடிஞ்சிது. எட்டும் அஞ்சும் இருந்தா இன்னும் நாலு வாங்கியிருக்க மாட்டேனா?"

உப்பளமா? கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. நான் கேட்டது ஒரு சாட்சி. முருகன் எதிராளியையே எனக்குச் சாட்சியாகக் கொடுத்துவிட்டான்.

தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏலே, நாலு பாத்தியையும் துண்டுலயா முடிஞ்சு வச்சிருந்த?"

அன்றே தீர்த்துவிட்டார்கள். பாத்திகளை என் பேருக்கு எழுத வைத்தார்கள். இப்போது நானும் அம்மாவும் அங்கே உப்பு வாருகிறோம். கால் வெடித்து எரிகிறது. ஆனாலும் சாப்பிடுகிற சோறு எங்கள் சோறு. அப்பா போன துக்கம் போகவில்லை. கூட்டிச் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்டு, திருச்செந்தூருக்கு நடந்தே போய் முடி இறக்கினேன்.

கஷ்டத்தில் இருக்கிற அக்கா தங்கச்சிமாரே, நீங்களும் அவனிடம் கேளுங்கள். யார் வாயைத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.