வேங்கிக்காலுக்குப் போன வால்வு ஆம்ப்

ஆடி மாதத்து ஞாயிறு, காலை ஆறு மணி. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். முதுகில் கிட்டார், தோள்பையில் ஐந்து பெடல்கள், கையில் பதினெட்டு கிலோ ஆம்ப். பழைய ரேடியோவுக்குள் சிவப்பாக எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுகளில் ஓடும் கிட்டார் ஒலிபெருக்கி. உள்ளங்கை அளவில் இதைவிட நல்ல கருவிகள் வந்துவிட்டன என்று உலகமே சொல்கிறது. சொல்லட்டும்.

"பெட்டியில இன்னா சார்? அம்மன் கோயிலுக்கு ஸ்பீக்கரா?" என்றார் கண்டக்டர்.

"கிட்டாருக்கு."

"சவுண்டு ஜாஸ்தி வருமா?"

"வரும்."

"அப்போ லக்கேஜ் போட்டுத்தான் ஆவணும்."

என்ன கணக்கோ! எனக்கு நூற்றறுபது ரூபாய், அதற்கு நாற்பது. திண்டிவனம், செஞ்சி வழியாக நான்கு மணி நேரம்.

பத்தேகாலுக்கு இறங்கி, வேங்கிக்காலுக்கு ஆட்டோ பிடித்தேன். நூற்றைம்பது. கலெக்டர் ஆபீஸ் தாண்டி இரண்டாவது தெருவில் சேகர் வாசலிலேயே நின்றிருந்தார். இருபது வருடமாக மெல்லிசைக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பவர். முந்தின நாள் கோயில் கச்சேரியில் கண் விழித்ததில் கண் சிவந்திருந்தது.

சென்னையில் ஓர் இசையமைப்பாளர் அவரிடம் இரண்டு நிமிட வாசிப்பு கேட்டிருந்தார். யார் மாதிரியும் இருக்கக் கூடாது, சொந்தமாக இருக்க வேண்டும். பிடித்துவிட்டால் ஸ்டுடியோ வேலை. அன்றுதான் கடைசி நாள். மூன்று வாரம் திணறிவிட்டு, ஆம்ப்பும் பெடலும் சேர்க்கும் பைத்தியம் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

பெடல் என்பது காலால் மிதிக்கும் சின்ன இரும்புப் பெட்டி. ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலிக்க வைக்கும். சேகரின் பலகையில் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயிண்ட்டில் எழுத்து: அழுகை, ஊட்டி, வில்லன், குத்து.

"மேடையில இருட்டு சார். கம்பெனி பேரை எவன் படிப்பான்? எந்த சீனுக்கு எதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் சங்கடமே அங்கேதான். "ஊட்டி"யை மிதித்தால் விரல்கள் தாமாக ஒரு டூயட்டுக்குப் போயின. "அழுகை"யை மிதித்தால் சோகப் பாட்டு. என் ஆம்ப்பை இணைத்து, என் பெடல்களையும் பெருமையாக ஒவ்வொன்றாக மாட்டினேன். அவற்றிலும் யாரோ எப்போதோ வாசித்ததுதான் வந்தது. மதியம் அவர் மனைவி கஸ்தூரி கூழும் முருங்கைக்கீரையும் கொடுத்தார். நன்றாகச் சாப்பிட்டோம். நான்கு மணிக்கு இரண்டு பேருக்கும் எரிச்சல்.

"நம்மளுதுன்னு ஒண்ணு இருந்தாத்தான சார் வரும்?" என்றார் சேகர். கேட்கக் கஷ்டமாக இருந்தது. பெடல்களின் வரிசையை மாற்றி மாட்டினேன்.

ஆறேகாலுக்கு எதிரே அம்மன் கோயிலில் சீரியல் பல்புகளைப் போட்டார்கள். தெருவில் வோல்டேஜ் இறங்கியது. ஃபேன் சோம்பலாகச் சுற்றியது. ஆம்ப்பின் ஒலி இளகி, ஓரத்தில் பிசிறடித்தது. ஐயோ, வால்வு போச்சு என்று சுவிட்சை அணைக்க ஓடினேன்.

"விடுங்க சார். இருக்கட்டும்."

பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு கிட்டார் வயரை நேராக ஆம்ப்பில் சொருகினார். வேகமாக மீட்டினால் ஒலி திணறி உடைந்தது. இருபது வருடம் பழகிய பாட்டு எதுவும் அதில் ஓடவில்லை. ஒரு சுரத்தைத் தொட்டு, அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததைத் தேட வேண்டியிருந்தது. அப்படியே தேடித் தேடி வாசித்தார். நான் போனில் பதிவு செய்தேன். கோயிலில் மைக் செட் இன்னும் ஆரம்பிக்கவில்லை, பிழைத்தோம்.

முடியும்போது கஸ்தூரி ஈரக் கையோடு வந்து நின்றார்.

"ஏங்க, இது எந்தப் பாட்டு? நான் கேட்டதே இல்லியே?"

சேகர் கிட்டாரை இறக்கி வைத்தார். பிறகு, "சார், அதையே அனுப்பிடுங்க" என்றார்.

ஏழரை மணி பஸ். ஆம்ப் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுபடி தூக்க முடியாது என்று காரணம் சொன்னேன். சேகர்மேல் பொறாமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்? சென்னையில் என் வீட்டில் வோல்டேஜ் இறங்குவதில்லை, ஸ்டெபிலைசர் இருக்கிறது. பெடல்கள் பதினொன்று. நான் எதை வாசித்தாலும் அடுத்த அறையிலிருந்து என் மனைவி பாட்டின் பெயரைச் சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.