சுரங்க ரயிலில் மட்டும் அழும் குழந்தை

எங்கள் அண்ணன் கப்பலில் சமையல் வேலை கிடைத்து, வருஷம் முடிந்துதான் திரும்புவேன் என்று கிளம்பிய அன்று, நான் மூக்கைச் சிந்தியே ஒரு துண்டை நனைத்தேன். அண்ணியோ, "பீரோ சாவிய எங்க வச்சீங்க?" என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. மனுஷியா மரக்கட்டையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் வாய் என்று பெயர் வாங்க எனக்கென்ன ஆசையா? ஏற்கெனவே வாங்கியாயிற்று என்பது வேறு விஷயம்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கொதிக்கக் கொதிக்க வந்து விழும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். ஜோடி வேலை. ஒருத்தி தாமதமாக வந்தால் இன்னொருத்தி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பெரிய மகளின் பள்ளிக்கூடமும் சின்னவளின் பகல்நேரக் காப்பகமும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில். அதுவரை அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவான். அவன் போனபிறகு அண்ணிதான் இரண்டையும் சுரங்க ரயிலில் இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அது லேசுப்பட்ட காரியமில்லை. பெரியவளுக்கு ஆறு வயது; வீட்டில் பெயர் வக்கீலம்மா. சின்னவள் குண்டுமணி, மூன்று இன்னும் முடியவில்லை. நகரும் படியில் குண்டுமணியை இடுப்பில் தூக்கிக்கொள்ள வேண்டும். வக்கீலம்மா அம்மாவின் பை வாரைப் பிடித்துக்கொள்வாள், பிடித்தபடியே கேள்வியும் கேட்பாள்.

"இந்தப் படியெல்லாம் கீழ போய் எங்கம்மா போகுது?"

"சுத்தி மறுபடி மேல வருது."

"அப்ப நேத்து நான் நின்ன படி எது?"

டிக்கெட் கதவு படக்கென்று மூடுமுன் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு நுழைய வேண்டும். நடுவில் ஒரு நிலையத்தில் இறங்கி, சுவரின் அடியில் ஓடும் பச்சைக் கோட்டின் பின்னாலேயே போய் வேறு ரயில் மாற வேண்டும். கூட்டத்தில் பெரியவர்களுக்கு மறைந்துபோகும் அந்தக் கோடு, முழங்கால்களின் இடுக்கில் வக்கீலம்மாவுக்குப் பளிச்சென்று தெரியும். அவள்தான் வழிகாட்டி. இதெல்லாம் சீக்கிரமே அண்ணிக்குப் பழகிவிட்டது. பழகாதது குண்டுமணியின் அலறல்.

நிலையத்தில் சிரிப்பாள். வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஊரைக் கூட்டுவாள். அடுத்த நிலையம் வந்ததும் நிறுத்திவிடுவாள். மறுபடி சுரங்கம், மறுபடி கச்சேரி. "ஒரு பிள்ளைய அடக்கத் தெரியாதா?" என்று பேசுகிறவர்களுக்குப் பயந்து அண்ணி பாதியில் இறங்கி, சமாதானம் செய்து, அடுத்த வண்டி பிடிப்பாள். கடைசியில் மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ லேட்டா வந்தா உன்ன ராத்திரி ஷிப்ட்டுல போட்டுடுவேன்." ராத்திரி ஷிப்ட்டுக்குப் போனால் குழந்தைகளை யார் பார்ப்பது? நானோ செருப்புக் கடை வேலைக்காரி; கடையைச் சாத்திவிட்டு வருவதற்குள் என் உயிரே போய்விடும்.

வெளியூரில் இருக்கும் எங்கள் அக்கா, "தம்பி வர்ற வரைக்கும் குண்டுமணிய நான் வச்சுக்கறேன்" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் அண்ணியின் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று.

இருட்டுக்குப் பயமோ? விளக்கை அணைத்துவிட்டு மூன்று பேரும் போர்வைக்குள் புகுந்தார்கள். குண்டுமணி, "இன்னொரு வாட்டி!" என்றாள். சத்தமோ? ஓடுகிற வாஷிங் மெஷின் மேல் சாய்த்து உட்காரவைத்தால் கை தட்டினாள். அடைபட்ட இடமோ? அலமாரிக்குள் போனவளை வெளியே இழுக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

"அப்ப ரயில்ல என்னதாம்மா இருக்கு?" என்றாள் வக்கீலம்மா. அதானே!

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. அண்ணியையும் பெரியவளையும் முன்னால் அனுப்பிவிட்டு, குண்டுமணியை நான் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலில் போனேன். அடேயப்பா, பூனைக்குட்டி! சுரங்கம் முழுக்க என் கம்மலைத் திருகிக்கொண்டு வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, கொஞ்சம் கர்வமும்தான். சாயங்காலம் அண்ணியிடம் கொட்டிவிட்டேன்.

"எங்கிட்ட மூச்சு விடல. எல்லாம் நீங்க குடுக்கற செல்லம் அண்ணி, வேற ஒண்ணுமில்ல."

"செல்லம் குடுக்க எனக்கு எங்க நேரம்?"

"பின்ன எங்கிட்ட மட்டும் ஏன் அழல?"

அண்ணி கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். இல்லை. "அதான் எனக்கும் தெரியணும். நாளைக்கு நீயும் எங்ககூட வா. பாப்பாவ நான் வச்சுக்கறேன், நீ வேடிக்கை மட்டும் பாரு" என்றாள்.

மறுநாள் கடைக்குப் போகுமுன் அவர்களோடு போனேன். அண்ணி குண்டுமணியோடு கதவோரம் போய், கதவுக் கண்ணாடிக்கு நேராக நின்றாள். வக்கீலம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இப்ப நம்ம தலைக்கு மேல ரோடு இருக்கா, ஆறு இருக்கா?" என்று ஆரம்பித்தாள். வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. அலறல் கிளம்பியது. எல்லோரும் குழந்தையின் வாயைப் பார்த்தார்கள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். கண் எங்கும் அலையவில்லை. கதவுக் கண்ணாடியில் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. நானும் அங்கே பார்த்தேன்.

வெளியே இருட்டியதும் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகியிருந்தது. அதில் எங்கள் அண்ணி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு. பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று நாள் முழுக்க அடக்கியதையெல்லாம், பாவி, அந்தக் கதவுப் பக்கம் திரும்பித்தான் இறக்கிவைத்திருக்கிறாள். இடுப்பில் இருந்தவளுக்குப் பக்கத்தில் தெரிவது அம்மாவின் காதும் பின்னலும்தான். முழு முகமும் எதிரே கண்ணாடியில் இருந்தது.

நிலையம் வந்தது. வெளிச்சத்தில் அந்த முகம் மறைந்தது. அண்ணி சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி திரும்பினாள். குண்டுமணி வாயை மூடினாள்.

"குண்டுமணி, அங்க யாரு இருந்தாங்க?" என்று கேட்டேன்.

அவள் கதவை நோக்கி விரலை நீட்டினாள். "அந்தம்மா. அழுறாங்க. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்."

அண்ணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் மறுபடி கதவுப் பக்கமே திரும்பப் போனாள். நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"போதும் அண்ணி. இங்கயே, இவங்க முன்னாடியே அழுங்க."

அண்ணி உடைந்தாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். வக்கீலம்மா அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா வர இன்னும் நெறைய நாளாகுமா?" என்றாள். அதுவரை இந்தக் கேள்விக்கு 'இதோ வந்துடுவாரு' என்பதுதான் பதில்.

"ஆமா கண்ணு. நெறைய" என்றாள் அண்ணி. பிறகு என்னைப் பார்த்து, "பாப்பாவ நான் அனுப்ப மாட்டேன்."

"யாரு அனுப்பச் சொன்னா? அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

குண்டுமணி அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமான விரலைப் பார்த்தாள். "நீயும் அழுறியா?" என்று கேட்டாள். வண்டி மறுபடி சுரங்கத்துக்குள் நுழைந்தது. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பவேயில்லை. அம்மாவின் முகத்தை இரண்டு கைகளாலும் துடைப்பதிலேயே மும்முரமாக இருந்தாள்.